கம்பஸ் சம்பளமும் புது சிஸ்டமும்: நிலுவைக் கணக்கில ஏன் எல்லாம் சறுக்குது

ஒரு பல்கலைக்கழகத்தில ஆக்களின்ர விவரத்தையும் சம்பளத்தையும் ஒண்டாப் பாக்கிற புது சிஸ்டம் போடப்போகினம் எண்டு கதை வெளிக்கிட்டால் எல்லாரும் முதல் கேக்கிறது எந்தக் கொம்பனியின்ர, எவ்வளவு காசு, போனில பாக்கலாமோ எண்டுதான். கேக்க வேண்டிய கேள்விதான், ஆனா அதுக்கு முன்னால இன்னொண்டு இருக்கு. ரெண்டு வருசத்துக்கு முந்தின திகதியில இருந்து ஒருத்தரின்ர சம்பளத்தை மாத்தச் சொல்லிக் கடிதம் வந்தால் இந்தச் சிஸ்டம் என்ன செய்யும்? அதாவது நிலுவை, அரியர்ஸ். வெளிநாட்டில பெரிய சம்பள சிஸ்டங்கள் விழுந்த கதையளிலயும் இந்த நிலுவை வந்து நிக்குது, எங்கட இலங்கையிலயோ அரச சம்பளத்தில எந்த மாற்றம் வந்தாலும் பின்திகதி போட்டுத்தான் வருது, அதால இதைக் கொஞ்சம் ஆறுதலா விளக்கி எழுத வேணும் எண்டு கன நாளா நினைச்சுக்கொண்டிருந்தன்.

முதல்ல வேலை எப்பிடி நடக்குது எண்டு பாப்பம். கம்பஸில ஒருத்தரின்ர உத்தியோக வாழ்க்கை ரெண்டு கிளைக்குள்ள இருக்கு. நியமனக் கடிதம், நிரந்தரமாக்கினது, வருசா வருசம் வாற இன்கிரிமென்ட், பதவி உயர்வு, லீவு, சபாட்டிக்கல் எண்டுற ஆராய்ச்சி லீவு, வெளிநாட்டில படிக்கப் போகேக்க திரும்பி வந்து வேலை செய்வன் எண்டு கையெழுத்து வைச்ச பொண்ட், இதெல்லாம் பதிவாளரின்ர பக்கம், தாபனக் கிளையில, அந்த ஆளின்ர பேர்சனல் பைலுக்குள்ள. காசுக் கணக்கு நிதியாளரின்ர பக்கம், சம்பளக் கிளையில. இந்த ரெண்டுக்கும் நடுவில ஓடுறது கடிதம்தான். தாபனக் கிளை அடிச்ச கடிதம் சம்பளக் கிளைக்குப் போய், அங்க ஒராள் அதைப் பாத்து, கொம்பியூட்டரில ஒரு இலக்கத்தை மாத்துவார். புது சிஸ்டத்தின்ர பெரிய நன்மை இந்த ஓட்டத்தை இல்லாமல் செய்யிறது: பதவி உயர்வை ஒருக்காப் பதிஞ்சால் சம்பளம் தானா மாறும், லீவு எவ்வளவு மிச்சம் எண்டு ஆளே பாக்கலாம், கடன் எப்ப முடியுது எண்டு கேக்க வரிசையில நிக்கத் தேவையில்லை. இது நல்ல விசயம், வேணும் எண்டுற பக்கம்தான் நானும் நிக்கிறன். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தையே எடுத்தால், கிளிநொச்சி அறிவியல் நகரில இருக்கிற பொறியியல் பீடத்திலயோ விவசாய பீடத்திலயோ வேலை செய்யிற ஒருத்தர் ஒரு சம்பளச் சிட்டை பிழையெண்டு கேக்க ஏ9 றோட்டால யாழ்ப்பாணம் திருநெல்வேலிக்கு வந்து போறது எவ்வளவு பெரிய கரைச்சல் எண்டு யோசிச்சாலே காணும்.

ஆனா அந்தச் சம்பளக் கிளை மேசையில இருக்கிற சீஆர் கொப்பியை ஒருக்காப் பாக்க வேணும். சொப்ட்வெயார் விக்க வாற ஆக்கள் அனேகமா அதைப் பாக்கிறதில்லை. கொம்பியூட்டர் ஒரு பக்கம் இருக்க, பக்கத்தில நீளக் கொப்பி, ஓரம் மடிஞ்சு, சிவப்புப் பேனையால வரி வரியா எழுதி இருக்கும். இன்னாருக்கு இடர்கடன் ரெண்டு தவணை நிப்பாட்டினது, ஜூனில இருந்து திருப்பி வெட்ட வேணும். இன்னாவுக்கு மார்ச்சில 11 நாள் நோ பே, அதாவது சம்பளமில்லாத நாள், அதில 4 நாளுக்குப் பிறகு மெடிக்கல் குடுத்தவ, கடிதம் வந்தால் திருப்பிப் போட வேணும். இன்னாரின்ர ஆராய்ச்சிப் படியை, அறிக்கை குடுக்கிற வரைக்கும் பிடிச்சு வைக்க வேணும். இதுதான் உண்மையான சம்பள சிஸ்டம். கொம்பியூட்டரில இருக்கிறது இதின்ர விடை மட்டும்தான். புது சிஸ்டத்துக்கு டேட்டா மாத்தேக்க விடையைத்தான் கொண்டு போகினம், கொப்பியை அல்ல, அந்தக் கொப்பியை இருபது வருசமா எழுதின அக்கா அந்த நேரம் பென்சனில போயிருந்தால் பிறகு ஆரும் கேட்டறிய ஏலாது.

சம்பளச் சிட்டையில என்னென்ன இருக்கு எண்டு வெளியில இருக்கிற ஆக்களுக்கு அவ்வளவாத் தெரியாது. அடிப்படைச் சம்பளம், வாழ்க்கைச் செலவுப் படி, மாதாந்த இழப்பீட்டுப் படி, விரிவுரையாளர் எண்டால் கல்விசார் படி, ஆராய்ச்சிப் படி, துறைத் தலைவர் எண்டால் அதுக்கொரு படி. வெட்டுறதில வரி, முத்திரை, சேமலாப நிதி, இடர்கடன், பண்டிகை முற்பணம், சங்கச் சந்தா, கூட்டுறவுச் சங்கக் கடன், மரண சகாய நிதி. இதில சேமலாப நிதியே கடையில வாங்கிற சொப்ட்வெயாரைச் சுத்தவிடும். இலங்கையில விக்கிற எந்தச் சம்பள சொப்ட்வெயாரிலயும் 1958ஆம் ஆண்டின்ர 15ஆம் இலக்கச் சட்டப்படி வாற ஊழியர் சேமலாப நிதி உள்ளுக்க எழுதித்தான் வரும், ஊழியர் 8 வீதம், முதலாளி 12 வீதம், அதோட நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு முதலாளி 3 வீதம். பல்கலைக்கழகத்துக்கு அந்த ஊழியர் சேமலாப நிதி பொருந்தாது. இங்க தனியா பல்கலைக்கழகச் சேமலாப நிதி, ஊழியர் 10 வீதம், பல்கலைக்கழகம் 15 வீதம், அந்த 15இல ஒரு பகுதி ஓய்வூதியத்துக்குப் போகும். இலக்கத்தை மட்டும் மாத்தினால் சரி எண்டு கொம்பனிக்காரர் சொல்லுவினம். மாதக் கணக்குக்குச் சரிதான், நிலுவை வரேக்கதான் வேலை இருக்கு.

வரியை எடுங்கோ. 2023 ஜனவரி முதலாம் திகதியில இருந்து மாசம் ஒரு லட்சத்துக்கு மேல எடுக்கிற எல்லாருக்கும் சம்பளத்திலயே வரி வெட்டுறது கட்டாயமாச்சு, 6 வீதத்தில தொடங்கி 36 வீதம் வரைக்கும், விரிவுரையாளர்மார் அந்த நேரம் றோட்டுக்கு இறங்கினது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். பிறகு 2025 ஏப்ரலில இருந்து அந்த எல்லை ஒன்றரை லட்சமா உயர்ந்து, வரி வீதங்கள் ஏறிற படிநிலையும் மாறிச்சு. மாதச் சம்பளத்துக்கு ஒரு அட்டவணை, மொத்தமா ஒரே தரத்தில குடுக்கிற காசுக்கு வேற அட்டவணை, வேற இடத்தில முழுநேரம் வேலை செய்துகொண்டு இங்க ரெண்டாவதா உழைக்கிற ஆளுக்கு இன்னொரு அட்டவணை. வரி வருசம் ஏப்ரலில தொடங்கி மார்ச்சில முடியுது, பாதீடு ஜனவரியில தொடங்குது, இன்கிரிமென்ட் ஒவ்வொரு ஆளுக்கும் அவர் சேர்ந்த திகதியில வருது. ஒரே ஆளுக்கு மூண்டு கலண்டர்.

இப்ப ஒரு உதாரணத்தைக் கையில எடுத்துப் பாப்பம். ஒரு விரிவுரையாளர் 2022 ஜூனில பதவி உயர்வுக்கு விண்ணப்பிக்கிறார் எண்டு வையுங்கோ. வெளிப் பரீட்சகர், நேர்முகம், பேரவை அங்கீகாரம் எல்லாம் முடிஞ்சு கடிதம் கையில வர 2024 பெப்ரவரி. உயர்வு நடைமுறைக்கு வாறது விண்ணப்பிச்ச திகதியில இருந்து. அப்ப 20 மாசம் நிலுவை. 20ஐ வித்தியாசத்தால பெருக்கிக் குடுத்தால் முடிஞ்சுதே எண்டு கேப்பினம். இல்லை. அந்த 20 மாசத்துக்குள்ள வரி முறை மாறியிருக்கு, ரெண்டு இன்கிரிமென்ட் வந்திருக்கு, உயர்ந்த படிமுறையில அந்த இன்கிரிமென்ட்டின்ர தொகையும் வேற. இடையில ஆள் மூண்டு மாசம் சம்பளமில்லா லீவில நிண்டவர், அந்த மாசங்களுக்கு நிலுவை இல்லை. அடிப்படைச் சம்பளத்தில வீதமாக் கணக்குப் பாக்கிற படிகள் எல்லாம் கூட வேணும், நிலையான தொகையாக் குடுக்கிற படிகள் கூடக் கூடாது. சேமலாப நிதிக்கு அவரின்ர 10உம் பல்கலைக்கழகத்தின்ர 15உம் பின்னோக்கிப் போக வேணும். ஒவ்வொரு மாசத்தையும் தனித்தனியாத் திறந்து, குடுத்தது எவ்வளவு, குடுத்திருக்க வேண்டியது எவ்வளவு, வித்தியாசம் எவ்வளவு எண்டு பாத்துத்தான் கூட்ட வேணும். சம்பளக் கிளையில இதை ஒரு நீட்டு எக்செல் தாளில செய்வினம், பிறகு இன்னொராள் சரிபாப்பார், பிறகு உள்ளகக் கணக்காய்வு பாக்கும், கடைசியில கணக்காய்வாளர் நாயகத்தின்ர ஆக்கள் வந்தும் பாப்பினம்.

ஒரு சொப்ட்வெயார் இதை மூண்டு விதமாச் செய்யலாம். ஒண்டு, ஒவ்வொரு தகவலையும் எந்தத் திகதியில இருந்து எந்தத் திகதி வரைக்கும் செல்லும் எண்டு சேர்த்து வைச்சிருக்கிறது, பழைய திகதி போட்டுப் புதுத் தகவல் குடுத்தால் தானாப் பின்னுக்குப் போய் மாசம் மாசமாத் திருப்பிக் கணக்குப் பாக்கும், முந்திக் குடுத்த கணக்கையும் அழிக்காமல் வைச்சிருக்கும். இதுதான் வேணும். ரெண்டாவது, நிலுவை எண்டு ஒரு பெட்டி, வெளியில எக்செலில கணக்குப் பாத்துத் தொகையை அதுக்குள்ள போட வேண்டியதுதான், அப்பிடியெண்டால் சீஆர் கொப்பி போகாது. மூண்டாவது பழைய இலக்கத்துக்கு மேல புது இலக்கத்தை எழுதிறது. இது பயங்கரம். அடுத்த நாள் ஒராள் வந்து 2023 மார்ச்சில எனக்கு என்ன குடுத்தனீங்கள் எண்டு கேட்டால் சிஸ்டம் குடுக்காத காசைக் குடுத்ததாக் காட்டும், வங்கிக் கணக்கோட ஒத்துப் போகாது, கணக்காய்வில கேள்வி வந்தால் பதில் சொல்ல வேண்டியது அந்த மேசையில இருக்கிற கிளார்க்தான். கொம்பனி காட்டுற டெமோவில மூண்டும் ஒரே மாதிரித்தான் தெரியும், ஏனெண்டால் டெமோவில எல்லாரும் இந்த மாசம் முதலாம் திகதி சேர்ந்த ஆக்கள்.

கனடாவில நிலுவையைக் கவனிக்காமல் விட்ட கதை நடந்தது. அங்கத்தே மத்திய அரசாங்கம் பீனிக்ஸ் எண்டுற சம்பள சிஸ்டத்தை 2016 பெப்ரவரியில தொடங்கிச்சு, கிட்டத்தட்ட 290,000 ஊழியருக்கு, 80,000க்கு மேல சம்பள விதிகள். செலவும் காலமும் கைமீறப் போகுது எண்டு தெரிஞ்சோடன பொறுப்பா இருந்த அதிகாரிகள் சில வேலைகளைக் கழட்டி விட்டினம், பரீட்சிச்சுப் பாக்கிறதையும் குறைச்சினம், சின்ன அளவில ஓட்டிப் பாக்கிற முன்னோட்டத்தையும் கைவிட்டினம். கழட்டி விட்ட வேலைகளில ஒண்டு பின்திகதியிட்ட சம்பளம், அதாவது எங்கட நிலுவை. அதோட பழைய சம்பளக் கிளைகளில விசயம் தெரிஞ்ச ஆக்களை வேலையால எடுத்திட்டு, மிராமிச்சி எண்டுற ஒரு ஊரில புது ஆக்களைப் போட்டு ஒரே இடத்தில நடத்தப் பாத்தினம். கொஞ்ச நாளில ஒரு லட்சத்துக்கு மேல ஆக்களின்ர சம்பளம் பிழைச்சுது, வீட்டுக் கடன் கட்ட ஏலாமல் போன ஆக்கள் இருக்கினம். 2018இல அந்த நாட்டுக் கணக்காய்வாளர் நாயகம் இதை விளங்கிக்கொள்ள முடியாத தோல்வி எண்டு அறிக்கையில எழுதினார். இன்னொரு வேதனை என்னெண்டால், கூடக் குடுபட்ட ஆக்களிட்டத் திருப்பிக் கேக்கேக்க கையில வந்த காசை மட்டும் இல்லை, வரியா வெட்டின காசையும் சேர்த்துக் கேட்டவை, வரி வருசம் தாண்டின படியால. எங்கட வரி வருசம் மார்ச்சில முடியுது எண்டதை இந்த இடத்தில ஞாபகம் வைச்சிருக்க வேணும்.

அவுஸ்திரேலியாவில குயின்ஸ்லாந்து சுகாதாரத் துறையிலயும் 2010 மார்ச்சில இதே கதை. தொடக்க ஒப்பந்தம் 60 லட்சம் டொலர் சொச்சம், முடிவில எல்லாத்தையும் திருத்தி ஓட்ட வாற செலவு 120 கோடி டொலர் எண்டு மதிப்பிட்டினம், 2013இல ஒரு விசாரணை ஆணைக்குழுவும் இருந்தது. பல்கலைக்கழகம் எண்டே பாத்தால் ஸ்கொட்லாந்தின்ர எடின்பரோ பல்கலைக்கழகத்தில 2022இல புது சிஸ்டத்தின்ர நிதிப் பகுதி தொடங்கினோடன பிஎச்டி மாணவருக்குக் குடுக்கிற உதவிப்பணம் பிந்திச்சு, சாமான் குடுத்த கடைக்காரருக்கும் காசு போகேல்லை. பணக்காரப் பல்கலைக்கழகம், நல்ல ஐடி ஆக்கள், எல்லாம் இருந்தும்.

எங்கட பக்கம் நிலுவை இன்னும் கூட. 2024 மே 2ஆம் திகதி தொடங்கின கல்விசாரா ஊழியரின்ர வேலைநிறுத்தம் ரெண்டு மாசத்துக்கு மேல போச்சு, அப்பிடியான நாள்களுக்குச் சம்பளம் உண்டோ இல்லையோ எண்டு தீர்மானம் வாறது பிறகுதான், வந்தோடன பின்னுக்குப் போய் மாத்த வேணும். 2025 பாதீட்டில அரச துறையின்ர ஆகக் குறைஞ்ச அடிப்படைச் சம்பளம் 24,250இல இருந்து 40,000க்கு உயர்ந்தது, அதுவும் ஒரே தரத்தில இல்லை, ஒரு பகுதி 2025 ஏப்ரலில, மிச்சம் 2026 ஜனவரியிலயும் 2027 ஜனவரியிலயும், முந்தின சில படிகள் அடிப்படைக்குள்ள கரைஞ்சு போச்சு. ஓய்வு பெறுற வயசையும் பாருங்கோ, அரச ஊழியருக்கு 2022இல 65 எண்டாக்கி, அந்த வருசமே திருப்பி 60 எண்டாக்கினவை. இதுகளை எல்லாம் சொப்ட்வெயாருக்குள்ள நிரந்தரமா எழுதி வைச்சால் ஒவ்வொரு சுற்றறிக்கைக்கும் கொம்பனிக்குக் காசு குடுத்து மாத்த வேணும். சம்பளக் கிளையே திறந்து திகதி போட்டு மாத்தக்கூடிய அட்டவணையா இருக்க வேணும்.

டேட்டா மாத்திற விசயத்தில யாழ்ப்பாணத்துக்கெண்டே சில கரைச்சல் இருக்கு. பேரை எடுங்கோ. சிஸ்டம் முதற்பேர், குடும்பப்பேர் எண்டு ரெண்டு பெட்டி வைச்சிருக்கும், எங்கட ஆக்களுக்கு அப்பான்ர பேரும் தன்ர பேரும்தான். ஒரு கிளார்க் அப்பான்ர பேரைக் குடும்பப்பேர் எண்டு போடுவார், மற்றவர் ஆளின்ர பேரையே போடுவார், வங்கியில இன்னொரு மாதிரி இருக்கும். கலியாணம் முடிச்ச பிறகு புருசன்ர பேர் போட்ட ஆக்கள், போடாத ஆக்கள். அடையாள அட்டை இலக்கத்தை வைச்சு ஆளைப் பொருத்தலாம் எண்டால், 2016இல இருந்து 12 இலக்கம், அதுக்கு முந்தி 9 இலக்கமும் ஒரு எழுத்தும். பழையதுக்கு முன்னால 19 சேர்த்து, பிறந்த நாள் இலக்கத்துக்குப் பிறகு ஒரு பூச்சியம் செருகி, கடைசி எழுத்தை எடுத்தால் புது இலக்கம் வரும், இந்த விதி தெரியாமல் மாத்தினால் ஒரே ஆள் ரெண்டு ஆளாப் பதிவாகி நிப்பார். பழைய தமிழ்க் கடிதங்களும் பட்டியல்களும் பாமினி எண்டுற பழைய எழுத்துருவில அடிச்சது, யூனிகோட்டுக்கு மாத்தாமல் ஏத்தினால் வெறும் ஆங்கில எழுத்துக் குப்பையாத்தான் தெரியும். இடப்பெயர்வில பிறப்புச் சான்றிதழ் துலைஞ்சு பிறகு உத்தேச வயதுச் சான்றிதழ் எடுத்த ஆக்களுக்கு பைலில ரெண்டு பிறந்த திகதி கிடக்கும், எது செல்லும் எண்டு ஒரு மனுசர் பைலைப் பாத்துத்தான் முடிவெடுக்க வேணும், ஓய்வு பெறுற நாள் அதிலதான் நிக்குது. வவுனியா வளாகம் 2021 ஓகஸ்ட் முதலாம் திகதி தனிப் பல்கலைக்கழகமானது, அப்பிடி ரெண்டு நிறுவனத்தில சேவைக்காலம் பிரிஞ்சு கிடக்கிற ஆக்களையும் யோசிக்க வேணும்.

அதால பழைய முறையையும் புதுசையும் பக்கத்தில பக்கத்தில வைச்சு ஓட்டிறது எவ்வளவு காலம் எண்டதுதான் பெரிய சண்டையா வரும். கொம்பனி ரெண்டு மாசம் காணும் எண்டு சொல்லும். காணாது. ஏப்ரலில பண்டிகை முற்பணம், வரி வருச மாற்றம், ஜனவரியில பாதீட்டு மாற்றம், இன்கிரிமென்ட் சுத்து, எல்லாம் ஒருக்கா வந்து போக முழு வருசம் வேணும். அந்த வருசம் முழுக்கச் சம்பளக் கிளைக்கு ரெட்டை வேலை, அதுக்கு மேலதிகமா ஆக்களைப் போட வேணும், இருக்கிற ஆக்களிலயே சுமத்தினால் ஒப்பிட்டுப் பாக்கிறது பேருக்கு நடக்கும், வித்தியாசம் வந்தாலும் பிறகு பாப்பம் எண்டு விட்டிடுவினம்.

டொலர் விசயமும் ஒண்டு. வெளிநாட்டு சிஸ்டம் வருசா வருசம் சந்தா, டொலரில. 2022இல மார்ச்சுக்கும் மே மாசத்துக்கும் இடையில டொலர் 200 சொச்சத்தில இருந்து 360 வரைக்கும் போன நாட்டில, ரூபாயில பாதீடு வாற ஒரு நிறுவனம் சம்பளத்தையே அந்தச் சந்தாவில கட்டி வைக்கிறது பாரதூரமான முடிவு. உள்ளூரில நல்ல சொப்ட்வெயார் செய்யிற ஆக்கள் இருக்கினம், ஓரஞ்ச் எச்ஆர்எம் மாதிரித் திறந்த மூலத்தில, அதாவது ஆரும் எடுத்துத் திருத்தக்கூடிய மாதிரி வந்ததும் இருக்கு. எங்க வைச்சாலும் சம்பளமும் மெடிக்கலும் கடனும் ஆளின்ர தனிப்பட்ட விசயம், 2022ஆம் ஆண்டின்ர 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கு, ஆர் ஆரின்ர சிட்டையைத் திறந்து பாத்தது எண்டு சிஸ்டம் பதிஞ்சு வைச்சிருக்க வேணும்.

எனக்கு ஆகக் கவலையான விசயம் பட்டியலில கடைசியா வாற ஆக்கள். வருகை விரிவுரையாளர், தற்காலிக உதவி விரிவுரையாளர், டெமோன்ஸ்ரேற்றர், நாட்சம்பளத்தில நிக்கிற ஆக்கள். வருகை விரிவுரையாளர் மணித்தியாலக் கணக்கில படிப்பிச்சிட்டு ஒரு படிவம் நிரப்பி, துறைத் தலைவர் கையெழுத்து, பீடாதிபதி கையெழுத்து எண்டு போய்ப் பல மாசத்துக்குப் பிறகுதான் காசு பாக்கிறார். புது சிஸ்டத்தால உண்மையில மிச்சம் நன்மை கிடைக்க வேண்டியது இவைக்குத்தான், ஆனா திட்டம் போடேக்க முதல் கட்டம் நிரந்தர ஊழியர், மற்றவை ரெண்டாம் கட்டம் எண்டு எழுதுவினம், முதல் கட்டம் இழுபட இழுபட ரெண்டாம் கட்டம் வராது. இவையளுக்குச் சங்கமும் பலமில்லை, ஒரு மாசம் சம்பளம் பிந்தினால் தாங்கிறதுக்குச் சேமிப்பும் இல்லை. ஒப்பந்தக் காலம் முடிஞ்சு புதுப்பிக்கிற கடிதம் பிந்தி வாறதும் இவைக்குத்தான், அதாவது இவையின்ர சம்பளமும் நிலுவைதான். இவையை முதல் கட்டத்துக்குள்ள கொண்டுவர வேணும்.

விலை கேக்க முன்னம் செய்யக்கூடிய ஒரு வேலை இருக்கு. தாபனக் கிளையும் சம்பளக் கிளையும் சேர்ந்து தங்கட கையிலயே இருக்கிற ஆகக் கஷ்டமான பைல்களைப் பத்துப் பன்னிரண்டு எடுக்கட்டும்: பின்திகதிப் பதவி உயர்வு, நோ பே திருப்பிக் குடுத்தது, சபாட்டிக்கலில இருந்து முந்தி வந்தது, ஒப்பந்தம் மூண்டு தரம் புதுப்பிச்சது. பேரையும் இலக்கத்தையும் மறைச்சுப் போட்டு, கேள்விக்கோரலில வாற ஒவ்வொரு கொம்பனிக்கும் அதைக் குடுத்து, கிளார்க்மாருக்கு முன்னால இருந்து நிலுவையைக் கணக்குப் பாத்துக் காட்டச் சொல்ல வேணும். விடை கொப்பியில இருக்கு, ஒத்துப் பாக்கிறது கஷ்டமில்லை. செய்து காட்ட ஏலாத கொம்பனி எவ்வளவு குறைஞ்ச விலை சொன்னாலும் எடுக்கக் கூடாது. செய்து காட்டின கொம்பனியை எடுத்தாலும், பழைய முறையை நிப்பாட்டிற திகதியில சம்பளக் கிளைப் பொறுப்பாளரின்ர கையெழுத்து இல்லாமல் அதை நிப்பாட்டக் கூடாது எண்டு ஒப்பந்தத்திலயே எழுதிப் போட வேணும்.